பாஸ்டன் பதிவேட்டில் ஏறிய தன்னுருவம்

1924ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 27 ஒளிப்படங்களைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது. அவற்றை எடுத்தவர், இருட்டறையில் அச்சிட்டவர், கொடையாகக் கொடுத்தவர் மூவரும் ஒருவரே: நியூயார்க்கின் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். அந்த ஆண்டு அவருக்கு வயது 60. கேட்டு வாங்கியவர் அங்கே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாட்சியராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். நடராசர் திருவுருவத்தை மேலை நாட்டாருக்கு விளக்கிய கட்டுரையால் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். ஒளிப்படம் கலை என்ற தகுதியோடே ஒரு பெரிய கலை அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த கதையில் அவருக்கு இருக்கும் இடம் தமிழில் அதிகம் பேசப்படவில்லை.

அந்த 27 படங்களை ஒரு கலைஞரின் அச்சிட்ட தன்னுருவம் என்றே நான் வாசிக்கிறேன். அவற்றில் ஜார்ஜியா ஓ'கீஃப் என்ற ஓவியரின் முகமும் கைகளும் இருக்கின்றன, மேகங்கள் இருக்கின்றன. ஆனாலும் அவை ஸ்டீக்லிட்ஸின் தன்னுருவமே. அதைக் கேட்டு வாங்கியவரோ, கலைஞர் தன்னைத் தன் படைப்பில் காட்டிக்கொள்வது தகாது என்று பின்னாளில் வாழ்க்கை முழுதும் வாதிட்ட மனிதர். இந்த முரண்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரிலிருந்து போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் ஒவ்வொருவர் கழுத்திலும் முகம் அச்சிட்ட அட்டை ஒன்று தொங்குகிறது. அந்த முகம் அவருடையது. படம் அவருடையது அல்ல. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பின்னால் என்ன நிறம், எவ்வளவு வெட்ட வேண்டும் எல்லாம் வேறொருவர் முடிவு. தன்னுருவம் என்பது முகம் தெரிவதைப் பொறுத்ததல்ல, முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். ரெம்பிராண்ட் செப்புத் தகட்டில் தன் முகத்தை 30 தடவை போலக் கீறி அச்சிட்டார். கண்ணாடி முன் நின்று சிரித்தும் முறைத்தும் பார்த்து, எந்த முகம் தாளில் இறங்க வேண்டும் என்று தானே முடிவு செய்தார். அச்சு என்பதால் ஒரே முகம் பல பிரதிகளாகப் பல வீடுகளுக்குப் போயிற்று. இந்த அளவுகோலை ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோனால் அவர் மேகங்களும் தன்னுருவம் ஆகின்றன.

ஸ்டீக்லிட்ஸ் 1864இல் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் ஜெர்மன் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினில் பொறியியல் படிக்கப் போய், ஒளிப்பட வேதியியலில் விழுந்தார். 1903 முதல் 1917 வரை ‘கேமரா ஒர்க்’ என்ற இதழை நடத்தினார். அதன் படங்கள் செப்புத் தகட்டில் ஒளிப்படத்தை ஏற்றி, அரித்து, மையிட்டு, தாளில் அழுத்தி எடுக்கப்பட்டவை. முழு அர்த்தத்தில் அச்சுக்கலை. நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ‘291’ என்ற சிறிய காட்சிக்கூடத்தில் ரோடின், மத்தீஸ், பிக்காசோ ஆகியோரின் வேலைகளை ஒளிப்படங்களோடு மாறிமாறித் தொங்கவிட்டார். கேமரா செய்வது கையால் செய்யும் கலைக்குக் குறைந்ததல்ல என்ற ஒரே வழக்கை அவர் நாற்பது ஆண்டு விடாமல் நடத்தினார்.

அவருடைய பிரிண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஓ'கீஃப் படங்களில் பல பல்லேடியத் தாளில் அச்சிட்டவை. அதற்கு முன் பிளாட்டினத் தாள்தான் அவருக்குப் பிரியம். முதல் உலகப் போரில் பிளாட்டினம் வெடிமருந்துத் தொழிலுக்குப் போய்விட, அந்தத் தாள் கிடைப்பது அரிதாகி, விலையும் எட்டாமல் போயிற்று. பல்லேடியம் அதன் இடத்துக்கு வந்தது. வெள்ளித் தாளில் படம் மேலே ஜெலட்டின் படலத்தில் நிற்கும். பல்லேடியத் தாளிலோ உலோகம் தாளின் நாருக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிடும். அதனால் பளபளப்பு இல்லை. கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே எண்ணற்ற படிகள். தோலைக் காட்ட அதைவிடத் தக்க தாள் கிடையாது. படத்தை அவர் பெரிதாக்கவில்லை. 8க்கு 10 அங்குல நெகட்டிவைத் தாள்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார். நெகட்டிவ் அளவுதான் பிரிண்ட் அளவு. மனதுக்குச் சரிப்படாத பிரிண்டைக் கிழித்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்குவார். நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றிருந்த ஒரு கலையில், ஒரே ஒரு நல்ல பிரதி போதும் என்று நின்றவர் அவர்.

மேகங்களுக்கு அவர் வந்தது 1922இல், லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் குடும்பத்தின் கோடை வீட்டில். அந்த ஆண்டு அவருடைய தாய் மரணப் படுக்கையில் இருந்தார். எழுத்தாளர் வால்டோ ஃபிராங்க், ஸ்டீக்லிட்ஸின் உருவப்படங்களின் வலிமை எதிரே உட்காருபவரை வசியப்படுத்துவதில் இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். அது அவரைச் சுட்டது. 1923இல் தாம் மேகங்களை ஏன் எடுத்தார் என்று விளக்கி ஆங்கில ஒளிப்பட இதழொன்றில் எழுதியபோது இதைச் சொல்கிறார்: மேகத்தை வசியம் செய்ய முடியாது, அது எல்லாருக்கும் பொது, இன்னும் யாரும் அதற்கு வரி போடவில்லை, அப்படியிருக்க அதிலிருந்து ஒரு படம் பிறந்தால் அது எடுத்தவரின் பார்வையாலேயே பிறந்ததாக வேண்டும். முதல் வரிசைக்கு ‘இசை’ என்று பெயரிட்டார், பத்துப் படங்கள். அடுத்த ஆண்டு ‘வானத்தின் பாடல்கள்’. 1925 முதல் மேகப் படங்களை, தம் உள்ளத்தின் நிலைகளுக்குச் சமமானவை என்ற பொருள் தரும் ஒரு பெயரால் அழைக்கத் தொடங்கினார். அவற்றில் பல உள்ளங்கையைவிடச் சற்றே பெரியவை. எது மேல், எது கீழ் என்று சொல்ல அடிவானம்கூட இருக்காது.

ஓ'கீஃப்பை அவர் 1917 முதல் 1937 வரை எடுத்த படங்கள் 300க்கும் மேல். முகம், கழுத்து, கை, தையல் ஊசி பிடித்த விரல். ஒருவரின் உருவப்படம் ஒரே படத்தில் முடியாது, வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஸ்டீக்லிட்ஸ் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1978இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது ஓ'கீஃப் ஒரு முன்னுரை எழுதினார். தொண்ணூறு வயதைத் தொட்டிருந்த அவர், ஸ்டீக்லிட்ஸ் எப்போதும் தன்னையே படமெடுத்துக்கொண்டிருந்தார் என்ற கருத்தை அதில் எழுதினார். மேகங்கள் தம் உள்ளத்துக்குச் சமமானவை என்று ஸ்டீக்லிட்ஸே சொன்னார். உருவப்படங்களும் அப்படித்தான் என்று படத்தில் இருந்தவரே சொல்லிவிட்டார். ஓ'கீஃப் வெறும் கண்ணாடி அல்ல. தன் கைகளை எப்படி வைக்க வேண்டும் என்று அறிந்த பெரிய ஓவியர். ஒரு பெண்ணின் உடல் ஓர் ஆணின் தன்னுருவமாக வாசிக்கப்படுவதில் எனக்கு நெருடல் உண்டு. அதைச் சொல்லும் உரிமை உள்ள ஒரே ஆள் சொன்னதாலேயே அந்த வாசிப்பை ஏற்கிறேன்.

அருங்காட்சியகங்கள் அதற்கு முன்னும் ஒளிப்படங்களை வாங்கின. ஆனால் பெரும்பாலும் சான்றாக வாங்கின. எங்கள் மாவட்டத்திலேயே அதற்குப் பழைய உதாரணம் உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்புகளாக வந்தன. அவற்றில் ஒன்று இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. பெரும்பாலும் மெழுகேற்றிய தாளே அவருடைய நெகட்டிவ். கருங்கல் குன்றும் கோட்டைச் சுவரும் அதில் எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு கலைஞனின் கண்ணோடுதான் தேர்ந்தெடுத்தார். அரசுக்கு வேண்டியது கட்டடங்களின் ஆவணம் மட்டும். புதிதாக வந்த ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இந்தச் செலவு அதிகம் என்று நினைத்தார். 1860இல் அந்த வேலை முடிந்துபோயிற்று. டிரைப்பின் பிரிண்டுகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

அந்த விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் என்ற பழைய பெயரில் இருந்தபோதே, 1865இல் ஜூலியா மார்கரெட் கேமரனின் படங்களை வாங்கியது. இது விதிவிலக்கு. கேமரன் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களைப் படமெடுத்து, 1879 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அதே ஆண்டு மே மாதம் கொழும்பில் சர் முத்து குமாரசுவாமி இறந்தார். அப்போது மகன் ஆனந்தனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை, தாயோடு இங்கிலாந்தில் இருந்தான். அமெரிக்காவிலும் ஸ்மித்சோனியன் 1896இலேயே ஒரு கண்காட்சியிலிருந்து ஒளிப்படங்களை வாங்கியிருந்தது. பஃபலோ நகரத்து ஆல்பிரைட் காட்சிக்கூடம் 1910இல் ஸ்டீக்லிட்ஸ் தொகுத்த கண்காட்சியிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டது. ஆகவே பாஸ்டன்தான் முதல் என்று ஒரேயடியாகச் சொல்வது சரியல்ல. ஆனால் பழைய ஓவியமும் சிற்பமும் நிறைந்த ஒரு பெரிய கலை அருங்காட்சியகம், உயிரோடிருக்கும் ஒருவரின் பிரிண்டுகளைக் கலைப்பொருள் என்றே ஏற்றுப் பதிந்தது அமெரிக்காவில் புதிது.

இனி குமாரசுவாமி. 1877 ஆகஸ்ட் 22இல் பிறந்தார். தந்தை முத்து குமாரசுவாமி வழக்கறிஞர், இலங்கைச் சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திரன் நாடகத்தையும் தாயுமானவர் பாடல்களையும் ஆங்கிலத்தில் தந்தவர். இலங்கைத் தமிழ்த் தலைவர்களான பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருடைய சகோதரியின் பிள்ளைகள். ஆனந்தன் இங்கிலாந்தில் வளர்ந்து நிலவியல் படித்தார். தொடக்ககால ஆய்வுக் கட்டுரை ஒன்று இலங்கைப் பாறைகளையும் அங்குள்ள பென்சில் கரியையும் பற்றியது. கிருஷ்ணகிரி, தருமபுரி குவாரிகளில் வெட்டும் பழைய படிகப் பாறைகளும் இலங்கைப் பாறைகளும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலத்தைச் சேர்ந்தவை. அவர் கண் முதலில் பழகியது அந்தக் கல்லில்தான். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக இருந்தார். தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். கனிமம் தேடி ஊர் ஊராகப் போனபோது அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களைக் கண்டார். வாழ்க்கை திரும்பியது அங்கே.

அச்சுக்கும் அவருக்கும் உள்ள உறவு மேலோட்டமானது அல்ல. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெரிய நூலை 1907-08இல் இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டனில் தம் வீட்டிலேயே கை அச்சகத்தில் அச்சிட்டார். ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஓடிய கை எந்திரம் அது. மாரிஸ் இறந்தபின், கைவினைக் கழகம் ஒன்றை நடத்திய ஆஷ்பி என்பவர் அதை வாங்கியிருந்தார். 425 பிரதிகள், பதினைந்து மாத வேலை. படங்களை எடுத்தவர் முதல் மனைவி எத்தல். பின்னாளில் எத்தல் மைரே என்ற பெயரில் பேர்பெற்ற நெசவுக் கலைஞர். மை எவ்வளவு, தாள் எவ்வளவு ஈரம், அழுத்தம் எவ்வளவு என்று விரலால் அறிந்த ஒருவர்தான் பின்னர் ஸ்டீக்லிட்ஸின் பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். இது முக்கியம். பல்லேடியப் பிரிண்டின் அருமை புத்தகத்தில் படித்துத் தெரிவதல்ல. தாளில் எதையாவது அச்சிட்டுப் பார்த்த கைக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் அவர் சேர்த்த ராஜஸ்தானி, பஹாரி ஓவியங்களை வைத்துக் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்கலாம் என்று முன்வந்தார். அதற்கான பணமும் ஆதரவும் கூடிவரவில்லை. கடைசியில் பாஸ்டன் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் டென்மன் ராஸ் அந்தத் தொகுப்பை வாங்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். தொகுப்போடு தொகுத்தவரும் 1917இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 30 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஒரு நாடு வாங்கிக்கொள்ள மறுத்த பொருளின் வலி என்ன என்பது அவருக்குச் சொந்த அனுபவம். நிராகரிக்கப்பட்ட ஒரு கலைக்கு வாசல் திறக்க வேண்டும் என்ற உந்துதலில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நியூயார்க் கலை வட்டத்தில் அவருக்குப் பழக்கம் அதிகம். 1922இல் மணந்த ஸ்டெல்லா பிளாக் நியூயார்க் நடனக் கலைஞர், ஓவியர். குமாரசுவாமியும் தாமே கேமரா பிடித்து ஆசிய நாடுகளில் படமெடுத்தவர். ஸ்டீக்லிட்ஸ் 1921இல் ஆண்டர்சன் காலரிஸில் பெரிய கண்காட்சி வைத்தார், 1923இல் மறுபடியும். இந்தச் சூழலில்தான் குமாரசுவாமி அவரிடம் பாஸ்டனுக்குப் படங்கள் வேண்டும் என்று கேட்டார். அவை விலைக்கு வாங்கியவை அல்ல, கொடையாக வந்தவை. ஸ்டீக்லிட்ஸ் தாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அருங்காட்சியகம் பணம் தரவில்லை என்பது ஒரு வகையில் அவமதிப்பாகத் தோன்றலாம். ஸ்டீக்லிட்ஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தன் நாற்பதாண்டு வழக்கில் தீர்ப்பு சாதகமாக வந்ததாகவே அதைக் கண்டார். தேர்வு அவர் கையில் இருந்ததும் நம் கேள்விக்கு முக்கியம். ஓ'கீஃப் படங்களில் எவை, மேகங்களில் எவை, ஒன்றுக்கு அடுத்து எது என்று முடிவு செய்தது அவரே. அந்த நகரம் தன்னை எப்படி நினைக்க வேண்டும் என்று அவர் வரைந்த தன்னுருவம் அந்த 27.

இப்படிக் காப்பாட்சியர் ஒருவர் முன்னே நடந்து, அருங்காட்சியகம் பின்னே வந்த கதை இன்னொன்றும் உண்டு. ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் நெசவாளர் கிளர்ச்சி பற்றிச் செய்த அச்சுப் படங்களுக்கு 1898இல் பெர்லினில் தங்கப் பதக்கம் தரலாம் என்று நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். கெய்சர் மறுத்துவிட்டார். டிரெஸ்டன் அச்சுப்படக் காட்சியகத்தின் இயக்குநர் மாக்ஸ் லேர்ஸ் அந்தக் காலத்திலேயே அவருடைய பிரிண்டுகளை வாங்கத் தொடங்கினார். மறுத்த பதக்கம் அடுத்த ஆண்டு டிரெஸ்டனில் கிடைத்தது. கோல்விட்ஸ் வாழ்நாள் முழுதும் தன் முகத்தைச் செம்பிலும் கல்லிலும் மரத்திலும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார். 1936இல் நாஜிகள் அவருடைய வேலைகளைக் காட்சியிலிருந்து அகற்றினார்கள். லேர்ஸ் போன்ற ஒருவர் தொடக்கத்திலேயே கவனித்துச் சேர்த்துவைத்திராவிட்டால் அவருடைய இளமைக்கால அச்சுகளை இவ்வளவு முழுமையாக இன்று பார்க்க முடியாது.

லேர்ஸுக்கும் குமாரசுவாமிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. லேர்ஸ் தன் நம்பிக்கைக்கு ஏற்ப நடந்தார். குமாரசுவாமி நடந்தது தன் பிற்கால நம்பிக்கைக்கு எதிர்த்திசையில். 1930களிலிருந்து அவர் எழுதியவற்றில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வரும்: பழைய கலைஞர் தன் மனநிலையை வெளியிடவில்லை, செய்ய வேண்டிய பொருளை நன்றாகச் செய்தார், அதனால்தான் பெயர் போடவில்லை. கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற தலைப்பில் வந்த அவருடைய நூலில், உயிரோடிருக்கும் கலைஞர்களின் வேலைகளைக் காட்டுவது அருங்காட்சியகத்தின் கடமை அல்ல என்றே வாதிடுகிறார். 1924இல் அவர் கேட்டு வாங்கியதோ, உயிரோடிருந்த ஒருவரின், தன் மனநிலையே பொருளான படங்கள்.

மனம் மாறிவிட்டது என்று ஒரே வரியில் முடிக்கலாம். எனக்கு அது போதவில்லை. ஸ்டீக்லிட்ஸின் பிற்காலத் தோழி டாரதி நார்மன், குமாரசுவாமி அவரைப் பற்றிப் பேசியதை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். இந்த நார்மன் பின்னாளில் நேருவின் எழுத்துகளைத் தொகுத்தவர், இந்திரா காந்தியின் நண்பர். அவர் தரும் செய்தி: ஸ்டீக்லிட்ஸின் படங்கள் பெரிய மரபில் நிற்பவை, எதை அழுத்த வேண்டுமோ அதையே அழுத்துபவை, குறியீடுகளைச் சரியாகக் கையாள்பவை என்று குமாரசுவாமி மதித்தார். அதாவது மேகத்தில் அவர் ஸ்டீக்லிட்ஸின் சொந்த சோகத்தைப் பார்க்கவில்லை. ஒரு குறியீடு பிசகில்லாமல் செய்யப்பட்டிருப்பதைப் பார்த்தார். செய்தவர் தன்னுருவம் என்று கொடுத்ததை, வாங்கியவர் தன்னுருவம் அல்ல என்பதற்காகவே ஏற்றார். இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்தார்கள், இரண்டு வேறு பொருள்களைக் கண்டார்கள், பதிவேட்டில் கையெழுத்து விழுந்தது.

குமாரசுவாமியின் உருவப்படக் கொள்கையைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து நடுகற்களைப் பார்த்தால் போதும். கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் போகும் சாலை தமிழகத்தின் நடுகல் நாட்டின் ஊடாகவே போகிறது. 1972இல் இரா. நாகசாமி ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டதிலிருந்து இந்தப் பகுதி ஆய்வாளர்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் தருமபுரியிலும் அவற்றைப் பார்க்கலாம். ஆநிரை மீட்டு விழுந்தவன் கையில் வில்லோ வாளோ. உடம்பில் தைத்த அம்பு. பல கற்களில் அவன் பெயரும் ஊரும் அரசனின் ஆட்சியாண்டும் உண்டு. முகச்சாயல் இல்லை. பக்கத்துக் கல்லில் இருப்பவனும் ஏறக்குறைய இவனைப்போலவே இருப்பான். கல் செதுக்கியவரின் பெயரும் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் அந்த ஊர்க்காரருக்கு அது அவனுடைய உருவம்தான். எண்ணெய் வைத்துக் கும்பிடுகிறார்கள். மரபில் உருவப்படம் ஆளின் தோற்றத்தை அல்ல, அவன் எதுவாக ஆனான் என்பதைக் காட்டுவது என்று குமாரசுவாமி எழுதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஸ்டீக்லிட்ஸின் மேகத்தையும் அவர் இப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்: சாயல் இல்லாத உருவம்.

நடுகல்லில் இருப்பவனின் தகுதியை ஊர் முடிவு செய்கிறது. மேகத்தில் இருப்பவனின் தகுதியை மேகத்தை எடுத்தவனே முடிவு செய்கிறான். இந்த இடைவெளியைக் குமாரசுவாமியின் வாசிப்பு மறைத்துவிடுகிறது என்பேன். ஸ்டீக்லிட்ஸ் நவீனர்; தன் வாழ்க்கையையே தன் பொருளாக்கியவர். அவரைப் பழைய மரபுக்குள் இழுத்து வைப்பது அன்பால் செய்த காரியம், ஆனால் முழு உண்மை அல்ல. அந்த அன்பு இல்லாமல் பாஸ்டனின் கதவு அன்றைக்குத் திறந்திருக்காது என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1928இல் ஸ்டீக்லிட்ஸின் பிரிண்டுகளைப் பெற்றது. 1933இல் அவர் சேர்த்துவைத்திருந்த பிறருடைய ஒளிப்படங்களும் அங்கே போயின. 1946இல் அவர் இறந்தபின் ஓ'கீஃப் சில ஆண்டுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார். அவர் வைத்திருந்த ஒவ்வொரு படத்துக்கும் சிறந்த பிரிண்ட் ஒன்று என்ற முறையில் ஒரு முழுத் தொகுப்பை வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்துக்கு 1949 முதல் கொடுத்தார். பிற்காலத்தில் சேர்ந்தவற்றோடு அது இன்று 1,642 படங்கள். கறுப்பின மாணவர்களின் கல்வி நிலையமான நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பங்கு போயிற்று. பாஸ்டனுக்கு 1950இல் இரண்டாவது தொகுதி வந்தது. குமாரசுவாமி அதைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 9இல், இந்தியா விடுதலை பெற்று ஒரு மாதம் முடிவதற்குள், பாஸ்டனுக்கு அருகே நீதம் என்ற ஊரில் அவர் இறந்துவிட்டார்.

மலாயாவின் குவாந்தானில் இருந்த எஸ். துரைராஜசிங்கம் என்ற தமிழர் குமாரசுவாமியின் வாழ்க்கைக் குறிப்புகள் வேண்டுமென்று அவருக்கே கடிதம் எழுதிக் கேட்டதுண்டு. தன் வாழ்க்கையைப் பற்றிய விவரங்களில் தனக்கு ஆர்வமில்லை, தனிமனிதரின் உருவத்தைத் தீட்டுவது நம் மரபுக்கு ஒவ்வாதது என்ற பொருளில் குமாரசுவாமி மறுத்துவிட்டார். பணிவுக்காகச் சொல்லவில்லை, கொள்கைக்காகச் சொல்கிறேன் என்றும் விளக்கினார். துரைராஜசிங்கம் கேட்பதை நிறுத்தவில்லை. அவரை அறிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். நினைவுகளையும் கடிதங்களையும் ஒளிப்படங்களையும் பல பத்தாண்டுகள் திரட்டினார். 1974இல் அவற்றைப் பெரிய நூலாக வெளியிட்டார். குமாரசுவாமியைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அந்தத் தொகுப்பிடம் கடன்படாமல் எழுத முடிவதில்லை.